"புல் அப்" என்ற குரலை விமானிகள் நம்ப வேண்டும்: டிஜிசிஏ-வுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்,
புது டெல்லி.

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். விமானங்களின் மின்னணுக் கருவிகளைப் பராமரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஜிபிஎஸ் சிக்னலில் நடக்கும் குளறுபடிகள் குறித்து உங்கள் அலுவலகம் 2023 நவம்பரில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. டெல்லி விமான நிலையத்தைச் சுற்றி இந்தத் தொல்லை கூடியபோது, பார்த்த பத்து நிமிடத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்ற நடைமுறையை 2025 நவம்பரில் கொண்டுவந்தீர்கள். இரண்டும் தேவையான நடவடிக்கைகள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் செய்திகளிலும் சரி, நாடாளுமன்றக் கேள்விகளிலும் சரி, இது விமானம் வழி தவறுகிற பிரச்சினையாகவே பேசப்படுகிறது. வழி தவறினால் சரிசெய்ய ஆட்கள் இருக்கிறார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ரேடார் இருக்கிறது, தரையில் வேறு வழிகாட்டிக் கருவிகள் இருக்கின்றன. என் கவலை வேறு. போலி ஜிபிஎஸ் சிக்னல் வரும்போது, தரை நெருங்குகிறது என்று விமானியை எச்சரிக்கும் கருவி பொய் சொல்கிறது. வாரத்துக்கு வாரம் பொய் சொல்லும் குரலை, அது உண்மை சொல்கிற அன்றைக்கு விமானி எத்தனை விநாடியில் நம்புவார்? இந்த மடல் அதைப் பற்றியது.

விவரம் அறிந்த உங்களுக்கு இந்தக் கருவியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இது திறந்த மடல், பயணிகளும் படிப்பார்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

தரை நெருங்குவதை எச்சரிக்கும் இந்தக் கருவியின் பெயர் ஜிபிடபிள்யூஎஸ். புறப்படுவதற்கு முன் காக்பிட்டில் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் ஸ்பீக்கரில் ஒரு குரல் வரும். "கிளைட் ஸ்லோப்" (இறங்கும் சரிவைக் கவனி), "புல் அப்" (மேலே தூக்கு), "டெரெய்ன், டெரெய்ன், புல் அப்" (நிலம், நிலம், மேலே தூக்கு) என்று வரிசையாகச் சொல்லும். திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் நிலப்பரப்பின் சோதனைப் படம் வந்து போகும். குரல் சரியாக வந்தால் அடுத்த வேலைக்குப் போவோம். விமானத்தில் எத்தனையோ எச்சரிக்கை ஒலிகள் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு விமானி புத்தகத்தைத் திறந்து, துணை விமானியோடு பேசி, யோசித்து முடிவெடுக்கலாம். இதற்கு மட்டும் யோசிக்க நேரம் கிடையாது. "புல் அப்" என்றால் ஆட்டோ பைலட்டைத் துண்டித்து, முழு வேகத்துக்கு இன்ஜினைத் தள்ளி, இறக்கைகளை மட்டமாக்கி, மூக்கைத் தூக்க வேண்டும். காரணத்தை மேலே போன பிறகு தேடிக்கொள்ளலாம்.

இந்தக் கருவி வருவதற்கு முன், நல்ல நிலையில் பறந்துகொண்டிருந்த விமானங்கள் மலையில் மோதுவது உலகம் முழுக்க வாடிக்கையாக இருந்தது. நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 1971 டிசம்பர் 9 அன்று மதுரைக்கு இறங்கி வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம் சின்னமனூர் அருகே மலையில் மோதியது. 21 பேர் இறந்தார்கள், 10 பேர் பிழைத்தார்கள். அமெரிக்காவில் 1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ நிறுவனத்தின் போயிங் 727 ஒன்று வாஷிங்டனுக்கு இறங்கும்போது வர்ஜீனியாவின் மவுன்ட் வெதர் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகுதான் பெரிய விமானங்களில் ஜிபிடபிள்யூஎஸ் இருந்தாக வேண்டும் என்று அந்த நாடு சட்டமாக்கியது.

அந்த முதல் தலைமுறைக் கருவிக்கு முக்கிய ஆதாரம் ரேடியோ ஆல்டிமீட்டர். விமானத்தின் வயிற்றுப் பகுதியில் இருக்கும் ஆன்டெனா கீழ்நோக்கி ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துத் தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும். 2,500 அடிக்குள் வந்தால்தான் அதற்கு வேலை. அது நேர் கீழே மட்டும்தான் பார்க்கும், எதிரே நிற்கும் மலை அதற்குத் தெரியாது. 1979 நவம்பர் 28 அன்று அன்டார்டிகாவின் எரிபஸ் மலையில் ஏர் நியூசிலாந்து விமானம் மோதி 257 பேர் இறந்தபோது, ஜிபிடபிள்யூஎஸ் குரல் வந்தது மோதுவதற்குச் சுமார் ஆறு விநாடிகள் முன்புதான். 1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலி நகருக்கு இறங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போயிங் 757-க்குப் பன்னிரண்டு விநாடிகளுக்குச் சற்று அதிகமாகக் கிடைத்தது. விமானிகள் மூக்கைத் தூக்கினார்கள். இறக்கை மேலிருந்த, விமானம் மேலே ஏறுவதைத் தடுக்கும் ஸ்பீட் பிரேக் விரிந்தபடியே இருந்ததை அந்தப் பதற்றத்தில் யாரும் கவனிக்கவில்லை. 159 பேர் போனார்கள்.

இந்தக் குறையைத் தீர்த்தவர் டான் பேட்மேன் என்ற பொறியாளர். கனடாவில் பிறந்தவர், 2023-இல் 91 வயதில் காலமானார். முதல் ஜிபிடபிள்யூஎஸ் கருவியும் அவர் உருவாக்கியதுதான். உலகின் நிலப்பரப்பு முழுவதையும் கணினியில் ஏற்றி, விமானம் எங்கே இருக்கிறது என்பதை அதோடு பொருத்திப் பார்த்தால் எதிரே வரும் மலையையும் சொல்லிவிடலாம் என்பது அவர் யோசனை. சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகு அவர்கள் போட்டு வைத்திருந்த நிலவரைபடத் தரவுகளைக்கூட விலைக்கு வாங்கித் தன் தரவுத்தளத்தில் சேர்த்தார் அவர். 1990-களின் நடுவில் இந்த மேம்பட்ட கருவி, அதாவது இஜிபிடபிள்யூஎஸ், பயன்பாட்டுக்கு வந்தது. எதிரே மலை இருந்தால் சுமார் ஒரு நிமிடத்துக்கு முன் எச்சரிக்கும், அரை நிமிடத்துக்கு முன் "புல் அப்" சொல்லும். ஆறு விநாடியை அரை நிமிடமாக்கிய மனிதரைப் பற்றி நம் விமானப் பயிற்சிப் பள்ளிகளில் ஒரு மணி நேரமாவது பேச வேண்டும் என்பது என் ஆசை.

சிக்கலும் இங்கேதான் நுழைகிறது. மேம்பட்ட கருவிக்கு விமானம் இருக்கும் இடத்தைச் சொல்வது ஜிபிஎஸ். அந்தச் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் மிகவும் மெலிந்தது. தரையில் இருந்து அதைவிட வலுவான போலி சிக்னலை அனுப்பினால் விமானத்தின் ரிசீவர் போலியைத்தான் பிடித்துக்கொள்ளும். இடம் மாறும், உயரம் மாறும், சில சமயம் கடிகாரமே மாறும். 35,000 அடியில் போய்க்கொண்டிருக்கும் விமானத்தில் "டெரெய்ன், புல் அப்" என்று குரல் வருவது இதனால்தான். எவரெஸ்ட்டே 29,000 அடிதான், அந்த உயரத்தில் முட்டுவதற்கு மலையே கிடையாது. விமானிக்கு அது பொய் என்று உடனே தெரிந்துவிடும்.

உலகளவில் 2024 ஜனவரியில் ஒரு நாளைக்குச் சுமார் 300 விமானங்கள் இந்தப் போலி சிக்னலில் மாட்டின, ஆகஸ்டில் அது சுமார் 1,500 ஆனது என்று ஓப்ஸ்குரூப் அமைப்பு கூட்டிய விமானிகள், வல்லுநர்கள் குழுவின் அறிக்கை சொன்னது. நம் எல்லைப் பகுதியில் 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை 465 சம்பவங்கள், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம் என்று மக்களவையில் அரசே தெரிவித்தது. டெல்லியில் 10-ஆம் எண் ஓடுபாதைக்கு ஜிபிஎஸ் துணையோடு இறங்க வந்த விமானங்களும் இதில் சிக்கின. திருச்சியில் இருந்தும் சென்னையில் இருந்தும் வளைகுடாவுக்குப் போய் வரும் விமானிகளுக்கு இது இனிமேல் புதுச் செய்தி இல்லை.

இப்போது விமானி என்ன செய்கிறார்? பொய்க் குரல் ஓயாமல் கத்தினால், முன்நோக்கிப் பார்க்கும் பகுதியை மட்டும் அணைத்து வைக்கிறார். ஏர்பஸ் ஏ320-இல் தலைக்கு மேலே உள்ள பேனலில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் "ஆஃப்" என்று வெள்ளை விளக்கு எரியும். போயிங் 737-இல் துணை விமானிக்கு எதிரே மூடி போட்ட சுவிட்ச். உயரத்தில் பறக்கும்போது இப்படி அணைத்து வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். விமானிக்குக் காது கொடுத்து வேறு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது.

என் கேள்வி அதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றியது. போலி சிக்னல் பகுதியைத் தாண்டிய பிறகும் சில விமானங்களில் ஜிபிஎஸ் முழுதாகத் தெளிவதில்லை. பல மணி நேரம் கழித்து இறங்கும்போதும் பொய் எச்சரிக்கை வந்ததாக விமானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, அணைத்த பொத்தான் இறங்கும் வரை அணைந்தே இருக்க வாய்ப்பு உண்டு. அப்போது என்ன பாதுகாப்பு மிச்சம்? "பழைய ரேடியோ ஆல்டிமீட்டர் பகுதி வேலை செய்கிறதே" என்று சொல்வார்கள். செய்கிறதுதான். ஆனால் சக்கரத்தை இறக்கி, இறக்கை மடிப்புகளைத் தரையிறங்கும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகு அந்தப் பழைய கருவி பெரும்பாலும் வாயை மூடிக்கொள்ளும். விமானம் இறங்கத்தான் போகிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. ஓடுபாதைக்குப் பல மைல் முன்னாலேயே விமானம் சீராகத் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தால் அது எதுவும் சொல்லாது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் மேம்பட்ட கருவியில், ஓடுபாதையில் இருந்து இவ்வளவு தூரத்தில் இதற்குக் கீழே போகக் கூடாது என்ற கணக்கைச் சேர்த்தார்கள். அந்தக் கணக்கு நம்பியிருப்பது விமானம் இருக்கும் இடத்தை. பொத்தானை அணைத்தால் அதுவும் போய்விடும்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஜிபிஎஸ் கெட்டுப்போனால் விமானி பழைய முறைக்குத் திரும்புகிறார். ஐஎல்எஸ், அதாவது ஓடுபாதைக்கு நேராகவும் சரியான சரிவிலும் இறங்க வழிகாட்டும் தரைக் கருவி, இருக்கும் ஓடுபாதை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் திசை காட்டும் விஓஆர், தூரம் காட்டும் டிஎம்இ என்ற தரைக் கருவிகளை வைத்து, படிப்படியாக உயரத்தைக் குறைத்து இறங்க வேண்டும். மலையிலும் மேட்டிலும் மோதிய விபத்துகளில் பெரும்பங்கு நடந்தது சரிவுக்கோடு காட்டும் கருவி இல்லாத இந்த மாதிரி இறக்கங்களில்தான். அதாவது எந்த இறக்கத்தில் எச்சரிக்கை அதிகம் தேவையோ, அந்த இறக்கத்தில்தான் எச்சரிக்கை அணைந்திருக்கும். உங்கள் அதிகாரிகள் வேறு எதைப் படிக்காமல் விட்டாலும் இந்த ஒரு பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம்பிக்கை போனால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தோனேசியாவில் ஒரு சாட்சி இருக்கிறது. 2012 மே 9 அன்று ஜகார்த்தாவில் இருந்து சுகோய் சூப்பர்ஜெட் விமானம் ஒன்று வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காகப் பறந்தது. சாலக் மலை மேகத்துக்குள் மறைந்திருந்தது. மோதுவதற்கு 38 விநாடிகள் முன்பு எச்சரிக்கைக் கருவி பேசத் தொடங்கியது. எதிரே மலை, மேலே தூக்கு என்றது. தரவுத்தளத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்த தலைமை விமானி அதை அணைத்துவிட்டார். முதல் எச்சரிக்கையில் இருந்து 24 விநாடிகளுக்குள் மேலே தூக்கியிருந்தால் தப்பியிருக்கலாம் என்று விசாரணை சொன்னது. 45 பேரும் இறந்தார்கள். அந்தக் கருவி சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

2010 ஜூலை 28 அன்று இஸ்லாமாபாத்தின் மார்கல்லா குன்றுகளில் ஏர்புளூ விமானம் மோதி 152 பேர் இறந்ததும் இதே வகைதான். கடைசி 70 விநாடிகளில் 21 முறை எச்சரிக்கை வந்தது. அதே ஆண்டு மே 22 அன்று மங்களூரில் 158 பேரை நாம் இழந்தபோதும் "சிங்க் ரேட்" (வேகமாக இறங்குகிறாய்), "புல் அப்" என்று குரல் வந்துகொண்டுதான் இருந்தது. துணை விமானி மீண்டும் மேலே போகலாம் என்று சொன்னதும் பதிவாகியிருக்கிறது. போலி ஜிபிஎஸ்ஸால் பொய்க் குரல் வராத காலத்திலேயே, மனிதர்கள் ஏதோ ஒரு காரணத்தால் அந்தக் குரலைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். இப்போது தள்ளி வைக்க நியாயமான காரணமும் கையில் இருக்கிறது என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

ஐயா, உங்களிடம் நான் கேட்பவை பெரிய செலவு பிடிக்கும் விஷயங்கள் அல்ல.

பொத்தானை எப்போது அணைக்கலாம், எப்போது மறுபடி போட்டாக வேண்டும் என்பதற்கு நாடு முழுக்க ஒரே விதி வேண்டும். எந்த உயரத்துக்குக் கீழே, எந்தச் சோதனைகளுக்குப் பிறகு என்று தெளிவாக எழுத வேண்டும். இறங்கத் தொடங்கும் முன் படிக்கும் செக்லிஸ்ட்டில் இதற்கு ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: முன்நோக்கு எச்சரிக்கை போட்டிருக்கிறதா, ஜிபிஎஸ் தெளிந்துவிட்டதா என்று இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தெளியவில்லை என்றால் ஐஎல்எஸ் உள்ள ஓடுபாதையை முதலில் கேட்கும் உரிமை அந்த விமானத்துக்கு இருக்க வேண்டும். கட்டுப்பாட்டாளருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். "ஜிபிஎஸ் இல்லை" என்று சொன்னால் மட்டும் போதாது, "எச்சரிக்கைக் கருவியும் அணைந்திருக்கிறது" என்று விமானி சொன்னால்தான் அவரைக் கீழே இறங்கச் சொல்லும்போது கட்டுப்பாட்டாளர் இரட்டிப்புக் கவனமாக இருப்பார். ரேடார் திரைக்கு முன் இருக்கும் அந்த ஆளும் ஒரு எச்சரிக்கைக் கருவிதான்.

அடுத்து பயிற்சி. எனக்குத் தெரிந்த விமானிகள் சொல்வது, சிமுலேட்டரில் இந்தப் பாடம் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று. தெரிந்து வரும் குரலுக்கு யாரும் ஒழுங்காக மூக்கைத் தூக்கிவிடுவார்கள். வழியில் இரண்டு முறை பொய் எச்சரிக்கை வரட்டும், விமானி அதை அணைக்கட்டும், ஒரு மணி நேரம் கழித்து மேகத்துக்குள் இறங்கும்போது உண்மையான எச்சரிக்கை வரட்டும். அப்போது அவர் கை எங்கே போகிறது, எத்தனை விநாடி தயங்குகிறது என்று பார்க்க வேண்டும். தயங்கினால் தண்டிக்க வேண்டாம். தயக்கம் எவ்வளவு என்று தெரிந்தால்தானே குறைக்க வழி பார்க்கலாம்.

தகவல் சேகரிப்பிலும் ஒரு மாற்றம் வேண்டும். 465 என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. அவற்றில் எத்தனை முறை பொய் "புல் அப்" வந்தது, எத்தனை முறை கருவி அணைக்கப்பட்டது, எத்தனை விமானங்கள் அணைந்த நிலையிலேயே தரையிறங்கின? இந்த விவரம் தனியாகப் பதிவாகி, விமானி பெயரும் நிறுவனத்தின் பெயரும் இல்லாமல் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். இந்த எண்கள் கையில் இருந்தால் கருவி தயாரிப்பாளர்களிடம் நாம் அழுத்திக் கேட்கலாம்: ஜிபிஎஸ் சொல்வதை, விமானத்தின் அசைவை அளந்தே இடத்தைக் கணிக்கும் இனர்ஷியல் கருவியோடும் டிஎம்இ தூரத்தோடும் ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்றால் ஜிபிஎஸ்ஸை ஒதுக்கும் மென்பொருளை எப்போது தருவீர்கள் என்று. இவ்வளவு விமானங்களை வாங்கும் நாடு கேட்டால் பதில் வரும்.

"நம் நாட்டின் சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பான நேவிக் வந்தால் எல்லாம் தீரும்" என்று சிலர் எழுதுகிறார்கள். நம் செயற்கைக்கோள்கள் மீது எனக்கும் பெருமை உண்டு. ஆனால் எல்லோருக்கும் திறந்திருக்கும் எந்தச் செயற்கைக்கோள் சிக்னலும் தொலைவில் இருந்து மெலிந்து வருவதுதான், அதையும் போலி செய்யலாம். ஆகவே தரையில் இருக்கும் ஐஎல்எஸ், விஓஆர், டிஎம்இ கருவிகளைக் குறைந்தபட்ச வலையமைப்பாகக் காப்பாற்றுவோம் என்று அரசு சொல்லியிருப்பதை வரவேற்கிறேன். 1991 ஆகஸ்ட் 16 அன்று 69 பேரோடு போயிங் 737 மலையில் மோதிய இம்பால் போன்ற இடங்களில் அந்தக் கருவிகள் ஒரு நாள்கூடப் பழுதாகிக் கிடக்கக் கூடாது.

ரேடியோ ஆல்டிமீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5ஜி அலைகள் அதன் அளவீட்டைக் குழப்பக் கூடும் என்ற கவலை உண்டு. ஓடுபாதையின் இரு முனைகளில் இருந்து 2.1 கிலோமீட்டருக்குள் குறிப்பிட்ட அலைவரிசையில் 5ஜி கோபுரம் வைக்கக் கூடாது என்று 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஜிபிஎஸ் நம்ப முடியாததாக ஆகிவிட்ட இந்த நேரத்தில் விமானத்துக்கு மிச்சம் இருப்பது அந்த வயிற்று ஆன்டெனாதான். எல்லா விமானங்களிலும் குறுக்கீடு தாங்கும் ஆல்டிமீட்டர் பொருத்தி முடிக்கும்வரை அந்தத் தடையைத் தளர்த்த யார் கேட்டாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மலைப்பகுதியில் பறக்கும் ஹெலிகாப்டர்கள் தனிக் கதை. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் நடந்ததும் மேகத்துக்குள் நுழைந்து தரையில் மோதிய விபத்துதான் என்று முப்படை விசாரணை சொன்னது. அது விமானப்படை ஹெலிகாப்டர், உங்கள் அதிகாரத்துக்குள் வராது. கேதார்நாத் வழியில் 2022 அக்டோபரிலும் 2025 ஜூனிலும் விழுந்து தலா ஏழு உயிர்களைப் பறித்த ஹெலிகாப்டர்கள் உங்கள் அதிகாரத்துக்குள் வருபவை. அதைப் பற்றி விரிவாக வேறொரு மடல் எழுதுகிறேன்.

இப்போதைக்கு நான் கேட்டவற்றில் செக்லிஸ்ட் வரியும் தகவல் படிவமும் ஒரு சுற்றறிக்கையில் முடிகிற வேலை. மழைக்காலம் தொடங்கி மலையெல்லாம் மேகம் மூடுவதற்குள் அந்தச் சுற்றறிக்கை வர வேண்டும். சிமுலேட்டர் பயிற்சிக்கு நேரம் எடுக்கும் என்பது தெரியும், அதற்கான கெடு தேதியையாவது அதே சுற்றறிக்கையில் அறிவியுங்கள். விமான நிறுவனங்களின் பாதுகாப்புப் பிரிவினரையும் விமானிகள் சங்கங்களையும் எங்களைப் போன்ற பராமரிப்புப் பணியாளர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து இதைப் பேச அழைத்தால், என் செலவில் டெல்லிக்கு வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்,
சென்னை.